மெய்ந்நூற் கல்வியும் ஊராராய்ச்சியும்

சைவநெறிப் பாடவேளை அது. பதினோராந் தர மாணாக்கருக்கு ஆன்மவிலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆன்மா உடம்பின் வேறானது. சாதி குலம் பிறப்பு என்பன உடம்பைப் பற்றி எழுந்தனவேயன்றி ஆன்மாவைப் பற்றியன அல்ல என்று சொல்லி, அதனைக் கரும்பலகையிலும் எழுதினேன். பின்வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, ஆன்மாவுக்குச் சாதி இல்லையாயின், அதை ஒட்டியவர் யார்? எப்பொழுது ஒட்டினார்?” என்று வினாவினான்.

மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. “அது சமயபாட வினா அன்று, தம்பி; சமூகத்தைப் பற்றிய வினா. குடியியற் கல்வி ஆசிரியரைக் கேள்” என்று கூறி அவனை இருக்கச் செய்தேன். அவனும் இருந்தான். வகுப்பு அமைதியாயிற்று, பாடமும் முடிந்தது. ஆயினும் அவ்விடை என்னை விட்டு நீங்கவில்லை. முப்பதாண்டு உபாத்தியாயத் தொழில் செய்த ஒருவன், தான் எழுதிய வாக்கியத்தின் பொருளைக் கேட்ட பிள்ளையை வேறொரு வகுப்புக்கு அனுப்பிவிட்டான். அவ்வாறு அனுப்பியது முறையா என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள்.

என் விடையினுள்ளே ஒரு கொள்கை ஒளிந்திருந்தது. மெய்ந்நூல் வேறு, சமூக ஆராய்ச்சி வேறு; முன்னையது என்றும் உள்ளதைக் கூறும், பின்னையது இன்று நடப்பதைக் கூறும்; இரண்டிற்கும் இடையே ஒரு வேலி உண்டு என்பதே அக்கொள்கை. (தத்துவம் என்னும் சொல்லை யான் ஈண்டுத் தவிர்க்கின்றேன். நம் நூல்களில் அது முப்பத்தாறு தத்துவங்களைக் குறிப்பது. மேனாட்டார் கல்விக்கு அதனைப் பெயராக்கியது பிற்கால வழக்கு. மெய்ந்நூல் என்றலே சாலும்.) அவ்வேலியை யான் கண்டது மிசனரிமார் தாபித்த கல்லூரி ஒன்றிலே. காலையில் அங்கே கிறித்தவ வழிபாடு. மாலையில் வீட்டு விறாந்தையிலே பாட்டனாரிடம் சித்தாந்த பாடம். இடைப்பட்ட பொழுதில் உயர்தர வகுப்புக்குரிய அளவையியல். அதனைக் கற்பித்த ஆசிரியர் கூரிய மதியினர். 1739, 1740 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமது நூலிலே தேவிட் கியூம் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் எழுப்பிய ஐயத்தை அவர் எமக்கு விளக்கினார். ‘இவ்வாறு இருக்கின்றது’ என்னும் வாக்கியங்களை எத்துணை அடுக்கினும், ‘இவ்வாறு இருத்தல் வேண்டும்’ என்னும் வாக்கியம் ஒன்று அவற்றிலிருந்து தானாகப் பிறவாது என்பதே அது. பிற்பாடு 1838 ஆம் ஆண்டளவில் ஓகஸ்ட் கொம்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் சமூகவியல் என்றொரு துறைக்குப் பெயரிட்டு, சமயக் கற்பனையும் மெய்ந்நூற் கற்பனையும் கழிந்தபின் எஞ்சுவது அளந்தறியும் அறிவே என்றார். கியூம் இட்ட கோடு, கொம்ட் கையிலே மதிலாயிற்று.

கியூம் கூறியதை யான் இன்றும் மறுக்கவில்லை. அது நல்ல கருவி. ஆனால் நம் யாழ்ப்பாணத்தில் அக்கோடு எவ்வாறு மீறப்பட்டது என்பதைப் பார்க்கும்போது, பிரித்தல் மாத்திரம் போதாது என்பது தெரிகின்றது.

தேசவழமையை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஏறத்தாழ ஐம்பதாண்டு கழிந்தபின், இம்மக்களின் வழக்கங்களை எழுதித் தருமாறு தேசாதிபதி சைமன்ஸ் பணித்தார். முப்பதாண்டுக்கு மேல் இந்நாட்டில் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் உத்தியோகத்தர் அவற்றைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒப்படைத்தார். தமிழ் மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு முதலிமார் பார்வையிட்டு, சரியென ஒப்பம் இட்டனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, அடைமானம் என அதில் உள்ள பிரிவுகள் நம் குடும்பங்கள் எவ்வாறு வாழ்ந்தன என்பதைக் காட்டுகின்றன. நம் நாட்டுச் சமூகத்தைப் பற்றி முறையாக எழுதப்பட்ட ஆராய்ச்சிகளுள் முற்பட்டதொன்று அது என்றால் மிகையாகாது. அடிமைகளைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. யார் யாருக்கு அடிமை, அவர் பிள்ளைகள் யாருக்குரியர் என்பன அங்கே நிலத்துக்கும் நகைக்கும் பக்கத்திலே வைத்து எழுதப்பட்டிருக்கின்றன.

அவ்வுத்தியோகத்தர் செய்தது யாது? கண்டதை எழுதினார். ‘இவ்வாறு இருக்கின்றது’ என்றார். ஆனால் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் பிரமாணத்தால் பிரித்தானியர் அதனையே சட்டமாக்கினர். நேற்று வரை ஊருக்கூர் வேறுபட்டும், காலத்துக்கேற்ப நெகிழ்ந்தும் வந்த வழக்கம், எழுத்தில் ஏறியபின் அசையாததாயிற்று. இருந்தது இருக்கவேண்டியதாயிற்று! அடிமைமுறையைச் சட்டம் ஒழித்தது 1844 இலே. முதுசமும் சீதனமும் பற்றிய பகுதிகளின் வழிவந்த சட்டம் இன்றும் வடமாகாணத் தமிழரை ஆள்கின்றது. ஆகவே சமூக ஆராய்ச்சி என்பது கண்ணாடி போல உள்ளதைக் காட்டி ஒதுங்கிவிடும் என்று எண்ணுதல் பேதைமை. யாருக்காக எழுதப்பட்டது, யார் பார்த்து ஒப்பமிட்டார் என்று கேளாமல் அதனைப் படித்தல் கூடாது. ஒப்பமிட்ட பன்னிருவருள் அடிமையாயிருந்தவர் எவரும் இல்லை.

இனி நம்மவர் பக்கத்தைப் பார்ப்போம். இவ்விடத்திலே என் கை சற்றுத் தயங்குகின்றது.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879) இல்லையேல், யானும் இப்பத்திரிகையை வாசிக்கும் அன்பர்களும் சைவத்தைக் கற்றிருப்போமா என்பது ஐயம். அவரும் மிசன் பாடசாலையிலே பயின்றவர்; பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர்; அங்கே கற்ற முறைகளையே கொண்டு 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தவர். அவர் வெறும் நூற்புலவர் அல்லர். 1872 இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ என்னும் பிரசுரத்திலே நம் கோயில்களும் குருமாரும் மக்களும் அன்று இருந்த நிலையைக் கண்ணாற் கண்டு, அஞ்சாது எழுதினார். 1876, 1877 ஆம் ஆண்டுகளில் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்க்கு ஊற்றினார். ஊரைப் பாராத மெய்ந்நூல் ஊமை என்பதை அவர் அறிந்திருந்தார்.

அத்தகைய பெரியார் இயற்றிய சைவவினாவிடையிலே, ஆன்மா இன்னது என்னும் இலக்கணம் ஓர் இயலில் உள்ளது. நீராட வேண்டிய காரணங்கள் கூறும் மற்றோர் இயலிலே, இழிந்தவரெனப்பட்டோர் தீண்டுதலும் ஒரு காரணமாக வைக்கப்பட்டுள்ளது. இரண்டையும் யான் பிள்ளைப்பருவத்தில் மனனஞ் செய்தேன். இரண்டிற்கும் இடையே முரண் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாவலரைக் குறைகூற இதனை எழுதவில்லை; அவர் காலத்துப் பழைய ஆசார நூல்கள் அவ்வாறு விதித்தன. யான் வியப்பது என்னைப் பற்றியே. ஒரே புத்தகத்தின் இரு இயல்களை ஒரே வாயால் ஒப்பித்த மாணாக்கன், ஐம்பது வயது கடந்தபின், பின்வாங்குப் பிள்ளை ஒருவன் கேட்கும் வரையும் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கவில்லை. மெய்ந்நூல் ஓர் அறையில், நடைமுறை மற்றோர் அறையில் என்று வேலி கட்டியதன் பயன் அதுவே.

அவ்வேலி நமக்கு வசதியானது. 1930 ஆம் ஆண்டளவில், அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்கவேண்டும் என்று பணிக்கப்பட்டது. அதுவரை சில பிள்ளைகள் நிலத்திலும் வேறு சிலர் வாங்கிலும் இருந்தே ஒரே ஆசிரியரிடம் கற்றனர். 1924 இல் தோன்றிய வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்துக்காக உழைத்தனர். எதிர்த்தவர்களும் பலர், பாடசாலைக் கொட்டில்கள் சில தீக்கிரையாயின. எதிர்த்தவர்கள் ஆன்மாவுக்குச் சாதி உண்டென்றா வாதித்தார்கள்? இல்லை. ஆன்மா ஒன்றே, ஆயினும் ஊர் வழக்கம் வேறு என்றே கூறினர். நான் அம்மாணாக்கனுக்குச் சொன்ன விடையும் அதுதான். சற்று மரியாதையான சொற்களில் சொன்னேன்.

1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கோயில், கிணறு, பாடசாலை, தேநீர்க்கடை முதலியவற்றிலே சாதியால் தடுத்தலைக் குற்றமாக்கிற்று. பதினொரு ஆண்டு கழிந்தும் 1968 இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே சென்று வழிபட வந்தோர் தடுக்கப்பட்டனர். தடுத்தவர்களுக்கு முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம் அவர்கள். அவர் கல்வியறிவில்லாதவர் அல்லர். ஒக்ஸ்போர்டிலே கற்றவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராயிருந்தவர், மந்திரிப் பதவி வகித்தவர். அவர்மேல் எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. எடுகோளிலிருந்து முடிவுக்குப் பிழையின்றிச் செல்ல வல்லவர் ஒருவர், ஆன்மா பற்றிய எடுகோளிலிருந்து அவ்வாயிலில் நின்றவரைப் பற்றிய முடிவுக்கு வரவில்லை. இது தருக்கத்தின் குறை அன்று. தருக்கம் அத்திசையில் செலுத்தப்படவில்லை.

இவ்விடத்திலே சிலர் வினைக் கொள்கையைக் கொண்டுவருவர். முற்பிறப்பின் வினையால் ஒருவன் தாழ்ந்த நிலையில் பிறக்கின்றான், அதனை அவன் நுகர்ந்தே தீர்க்கவேண்டும் என்பர். வினையை யானும் நம்புகின்றேன். ஆனால் நம் சித்தாந்தம் கூறுவது யாது? வினை சடம், அது தானே சென்று பற்றாது, வினைப்பயனை அறிந்து ஊட்டுபவன் இறைவனே. அங்ஙனமாயின், கிணற்றடியில் நின்று செம்பை மறித்தவருக்கு அவ்வூட்டும் அதிகாரத்தைக் கொடுத்தவர் யார்? என் துன்பத்தை என் வினையென்று யான் பொறுத்தல் சைவம். பிறன் துன்பத்தை அவன் வினையென்று யான் நடத்திவைத்தல் சைவம் அன்று. இறைவன் தொழிலை யான் பறித்துக்கொண்டதாகும். இதனைச் சொல்லச் சமூகவியல் வேண்டியதில்லை, சித்தாந்தமே போதும். அவ்வாறாயினும் நாம் அதனைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை அறியத்தான் சமூக ஆராய்ச்சி வேண்டும்.

என் வாழ்விலிருந்தே ஒன்று கூறுகின்றேன். 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். யான் அப்போது புதிதாகத் தொழிலேற்ற ஆசிரியன். தாயாரும் யானும் ஒரு வளவிலே தங்க இடம் பெற்றோம். வீட்டார் நல்லவர்கள், தாமுண்ட சோற்றில் எமக்கும் பங்கிட்டார்கள். அதே வளவின் பின்புறத்தில், ஓலைக்கொட்டில் போட்டு வேறு மூன்று குடும்பங்கள் இருந்தன. நாங்கள் கிணற்றிலே நாமே வாளியிட்டு அள்ளினோம். அவர்கள் குடங்களை வைத்துவிட்டு நிற்பார்கள். வீட்டுப் பிள்ளை ஒன்று வந்து அள்ளி ஊற்றும். பிள்ளைக்கு நேரம் இல்லாதபோது அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். நாள்தோறும் அதனைக் கண்டேன். கண்டேன் என்பதும் பிழை. என் கண்முன்னே நடந்தது, அவ்வளவுதான். இரவிலே விளக்கெண்ணெய்ப் புகையில் இருந்து சித்தியார் படித்தேன். அவர்கள் ஏன் காத்து நிற்கிறார்கள் என்ற வினா ஒருநாளேனும் என்னுள் எழவில்லை.

2009 இலே ‘சாதியற்றதா, சாதியைக் காணாததா’ என்னும் கருத்துப்பட ஆங்கிலத் தலைப்பிட்ட ஆராய்ச்சித் தொகுப்பொன்று வெளிவந்தது. காலிங்க ரியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் என்பவர்கள் அதன் பதிப்பாசிரியர்கள். அதிலே யாழ்ப்பாணத்து அகதி முகாம்களைப் பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. 1990 முதல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்க்கப்பட்டோர் எல்லாச் சாதியாரும் ஆவர். கடற்கரையும் வயலும் கோயிலும் ஒருங்கே பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. ஆனால் ஆண்டுகள் பல சென்றபின் முகாம்களிலே எஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டோர் என்பதை அவ்வாராய்ச்சியாளர் கண்டு எழுதினர். ஏனையோருக்கு வேறிடத்தில் உறவினர் காணி இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணம் இருந்தது. அயலார் காணி விற்க மறுக்கவில்லை. இவர்களுக்கு உறவினரும் நிலமில்லாதவர். கையில் பணம் சேர்ந்தாலும் சில ஊர்களிலே விற்பார் இல்லை. நிலங்கள் பின்னர் பகுதிபகுதியாக விடுவிக்கப்பட்டபோதும், நிலமே இல்லாதிருந்தவனுக்கு எந்நிலத்தை விடுவிப்பது?

அம்முகாம்களை யான் துவிச்சக்கர வண்டியில் எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கிறேன். யுத்தத்தின் கொடுமை என்றே எண்ணினேன். அஃது உண்மையே, முழு உண்மை அன்று. யுத்தம் எல்லாரையும் பெயர்த்தது. எல்லாரையும் அங்கே இருத்தவில்லை. இந்த வேறுபாட்டை எந்த மெய்ந்நூலும் எனக்குச் சொல்லியிராது. வீடுவீடாகச் சென்று கேட்டு எண்ணியவரே சொன்னார்.

அதனைப் படித்த அன்றுதான் திருவருட்பயனில் உமாபதி சிவாசாரியார் ஆணவத்தைப் பற்றிக் கூறியதன் பொருள் எனக்கு உறைத்தது. இருள் பொருள்களை மறைக்கும். ஆயினும் இருள் என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும். இருட்டறையில் நிற்பவன் விளக்கைத் தேடுவான்; ஆணவத்துள் நிற்பவன் தேடான், எல்லாம் தெரிகின்றதென்றே இருப்பான். ஒருவனை இவ்வாறு மறைக்கும் மலம், ஓரூரை முழுவதும் ஒருங்கே மறைக்க மாட்டாதா? கிணற்றடியில் காத்து நின்றவர்கள் அதனை அறிந்தே இருந்தார்கள். அறியாதிருந்தது வாளியை ஏந்தியிருந்த நாமே. நம் மறைப்பை நமக்குக் காட்டப் பிறர் கண் வேண்டும். முறையான சமூக ஆராய்ச்சி அத்தகைய பிறர்கண் என்பது என் துணிபு.

இது சித்தாந்தத்துக்குப் புறம்பான கருத்தன்று. நம் அளவை நூலார் காட்சி, கருதல், உரை என மூன்றை முதன்மையாகக் கொண்டனர். அருணந்தி சிவாசாரியார் சித்தியாரிலே பல அளவைகளை எடுத்துக் கூறி இம்மூன்றில் அடக்கினார். காட்சி முதலில் வைக்கப்பட்டது. உரையை ஓதுபவன் காட்சியைத் தள்ளிவிட உரிமை பெற்றான் அல்லன். இன்னும் ஆழமான ஒன்று உண்டு. ஆன்மா சார்ந்ததன் வண்ணம் ஆவது என்பது மெய்கண்டார் வழிவந்தோர் அனைவர்க்கும் ஒப்பமுடிந்தது. பளிங்கு தன்னருகே வைத்த பூவின் நிறத்தைக் காட்டுவது போல, ஆன்மா எதனைச் சார்கின்றதோ அதுவாய் நிற்கும். இதனை நாம் மலத்தைச் சார்தல், சிவத்தைச் சார்தல் என்னும் இரண்டு கோடிகளில் வைத்தே பேசி வந்தோம். இடையே பிள்ளை ஒன்று பிறந்த நாள் முதல் எவற்றைச் சார்கின்றது? வீடு, ஒழுங்கை, கிணறு, வாங்கு, கோயில் வீதி, தேநீர்க்கடைப் பேணி. ‘உனக்கு இந்தப் பேணி, அவருக்கு அந்தச் சிரட்டை’ என்று ஏழு வயதில் கேட்ட ஆன்மா எந்த வண்ணம் ஆகும்? சார்பு இன்னதென்று அறியாமல் ஆன்மாவை அறிந்தேன் என்பவன், பூவைப் பாராமல் பளிங்கின் நிறத்தைப் பேசுபவனாவான். ஆகவே ஊரை ஆராய்தல் ஆன்மாவை ஆராய்தலின் ஒரு பாகமே. அதனை வேறொரு வகுப்புக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை.

இவ்வாறு கூறுவதால் சமூகவியலார் கூறுவன அனைத்தையும் தலைமேற் கொண்டேன் என எண்ணற்க. அவர்களிடமும் ஒரு குறை உண்டு. 1912 இலே துர்க்கைம் என்னும் பிரெஞ்சு அறிஞர், சமயத்தின் பெயரால் மக்கள் வணங்குவது தம் சமூகத்தையே என்னும் கருத்தை நிறுவ முயன்றார். 1968 இல் மாவிட்டபுர வாயிலை அடைத்து நின்றவர்களை நினைக்கும்போது, அவர் கூறியது உண்மைதானோ என்று மனம் துணுக்குறுகின்றது. அவர்கள் காத்தது கந்தனையா, தம் குலத்தையா! 1970களிலே இங்கு வந்து தங்கி ஆராய்ந்த அமெரிக்கராகிய பிறையன் பாவன்பேர்கர் 1982 இல் எழுதிய நூலிலே, யாழ்ப்பாணத்து வேளாளர் மேலாண்மைக்குச் சமயம் அடித்தளமாயிருந்த விதத்தை விரித்தார். பேராசிரியர் கா. சிவத்தம்பி யாழ்ப்பாணச் சமூகத்தையும் அதன் கருத்துநிலையையும் ஆராய்ந்து எழுதிய நூல் பலருக்கும் தெரியும். இவற்றையெல்லாம் படித்து முடித்த இளைஞன் ஒருவன், ‘ஐயா, உங்கள் சித்தாந்தம் ஒரு சாதியாரின் கருத்துநிலை, வேறொன்றும் இல்லை’ என்று என்னிடமே கூறினான்.

அவனுக்கு யான் கூறியது இது. ஒரு கொள்கையை யார் தமக்கு வசதியாகக் கொண்டார்கள் என்று காட்டுவது ஒன்று. அக்கொள்கை பொய் என்று காட்டுவது மற்றொன்று. பொய்யான கொள்கையை மாத்திரமா மனிதர் வசதிக்குப் பயன்படுத்துகின்றனர்? மேலும், ‘ஒடுக்குமுறை’ என்ற சொல்லை நீ எங்கிருந்து எடுத்தாய்? கிணற்றடியில் நின்றோர் இத்தனை பேர், நின்ற நேரம் இத்தனை நிமிடம் என்பது உன் கணக்கு. அது தவறு என்பது எந்தக் கணக்கில் வந்தது? அவர்களும் எம்மைப் போன்ற ஆன்மாக்கள், அவர்கள் காத்திருத்தல் தகாது என்னும் ஒரு மெய்ந்நூல் முடிபு, நீ அறியாமலே உன் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. அதனைக் கிழித்துவிட்டால், 1707 இலே ஐசாக்ஸ் எழுதியது போல அடிமையையும் நகையையும் ஒரே வரிசையில் எழுதி முடித்துவிடலாம். கணக்கில் பிழை வராது. அவன் சிரித்தான், ஒப்புக்கொண்டானோ இல்லையோ அறியேன்.

அவன் கூற்றில் பாதி உண்மை உண்டென்பதையும் யான் மறைக்கவில்லை. ஒரு கொள்கை ஒரு கூட்டத்தாரின் வசதி மாத்திரமா, அன்றி மெய்யா என்பதை அறிய ஓர் உரைகல் உண்டு: தன்னை ஏற்றவனையே, அவன் நலத்துக்கு மாறாக, அது எப்போதாவது அசைத்திருக்கின்றதா? தில்லைவாழந்தணருள் ஒருவராயிருந்த உமாபதியார், மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டமையால் தம் கூட்டத்தாரால் விலக்கப்பட்டார் என்றும், விறகு கொண்டுவந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்து முத்தியளித்தார் என்றும் மரபு கூறும். அது வரலாறா புனைவா என்பதை ஆராய்ச்சியாளர் ஆராய்க. அக்கதையைப் போற்றிய சைவர், தம் கொள்கை தம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்தே இருந்தனர் என்பதற்கு அது சான்று. மகேசுர பூசையிலே அதனை வாசித்துவிட்டு, பந்தியை வேறாக இட்டதும் நாமே. இந்தியாவிலே அம்பேத்கார் 1916 இல் சாதியின் தோற்றத்தைச் சமூக ஆராய்ச்சியாகவே எழுதினார். 1936 இல் சாதியை ஒழித்தல் பற்றி எழுதியபோது வினா சமய நூல்களின் அதிகாரத்தையே தொட்டது. முதல் வினா இரண்டாம் வினாவில் கொண்டுபோய் விட்டது. அவர் நம் சமயத்தை விட்டே நீங்கினார். அவரைப் போக விட்டதில் நமக்கும் பங்குண்டு.

2018 இலே தென்மராட்சிக் கோயில் ஒன்றில் தேரினை மண்வாரும் இயந்திரத்தால் இழுத்த செய்தி படத்துடன் வெளிவந்தது. வடம்பிடிக்க ஆளில்லை, இளைஞர் வெளிநாடு போய்விட்டனர் என்றனர் ஒரு சாரார். ஆள் உண்டு, அவர் வடந்தொடக் கூடாதென்பதே காரணம் என்றனர் மற்றொரு சாரார். எது உண்மை? சித்தியாரைப் புரட்டி விடை காணமுடியாது. அவ்வூரில் எத்தனை பேர் இருக்கின்றனர், எவர் அழைக்கப்பட்டனர், எவர் வந்தனர் என்று கேட்டே அறிதல் வேண்டும். அறிந்தபின், அழைக்கப்படாதவர் இருந்தனர் எனத் தெரிந்தால், அப்பொழுது சித்தியாரைப் புரட்டாமல் இருக்கவும் முடியாது.

அடுத்த கிழமை அவ்வகுப்புக்குச் சென்றபோது, முன்பு கூறிய விடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று மாணாக்கர் முன்னே சொன்னேன். ஆசிரியன் அவ்வாறு கூறுவது அவர்களுக்குப் புதுமையாயிருந்தது, இருவர் நகைத்தனர். பின்பு ஒரு வேலை கொடுத்தேன். தத்தம் ஊர்க்கோயில் மகோற்சவ விஞ்ஞாபனத்தைக் கொண்டுவந்து, திருவிழா நாள்தோறும் கோயிலில் நடக்கும் வேலைகளையும், அவற்றைச் செய்வோரையும் அதனோடு ஒப்பிட்டு எழுதுக என்றேன். ஆன்மாவுக்கு ஒட்டியதை எவர் ஒட்டினார் என்று அறியமுன், எங்கே ஒட்டியிருக்கின்றது என்றாவது பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

பின்வாங்கு மாணாக்கன் கொண்டுவந்த விஞ்ஞாபனம் என் ஊர்க் கோயிலினதே. கொடியேற்றம் முதல் தீர்த்தம் ஈறாகப் பத்து நாள். உபயகாரர் பெயர்கள் தடித்த எழுத்தில். குருக்கள், நாதசுரக் கலைஞர், ஒலியமைப்பாளர், அச்சகத்தார் பெயர்களும் குறைவின்றி இருந்தன. பந்தலுக்கு வெள்ளை கட்டியவர், தீப்பந்தம் பிடித்தவர், வீதி கூட்டியவர், வாழை வெட்டி இறக்கியவர் பெயர்கள் இல்லை. அச்செழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே, அவன் பென்சிலால் ஏழு பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் வேலையைக் குறித்திருந்தான். அவற்றுள் மூன்று பெயர்கள் எனக்குத் தெரியாதவை. அவர்கள் எல்லோரும் என் வீட்டுக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கின்றனர்.